வில்லோக் குடிலை வெட்டியது யார்?

அத்தியாயம் 11

துணி காயப்போடத் தோட்டத்துக்கு வந்த பிரையனி, ஈரத் தலையணை உறையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

உயிருள்ள வில்லோக் குச்சிகளை வட்டமாக நட்டு வளர்த்த அந்த விளையாட்டுக் குடில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் இலைகள் எல்லாம் தொங்கிப்போயிருந்தன.

ஜூன் மாதத்து வெயில் சுள்ளென்று அடித்த நாட்களில்கூட அந்தக் குடில் வாடியதில்லை. தென்மேற்கு இங்கிலாந்தில், பாரெட் ஆற்றை ஒட்டிய மண். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். வில்லோக் குச்சியை ஊன்றிவிட்டு மறந்துபோனாலும் அது பாட்டுக்கு வேர்விட்டு வளரும் ஊர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ராத்திரியில் இப்படிச் சுருண்டிருக்கிறது என்றால்?

அவள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

ஒவ்வொரு தண்டும் கணுக்கால் உயரத்தில் வெட்டப்பட்டிருந்தது. சாய்வாக, சுத்தமான வெட்டு. வட்டத்தைச் சுற்றி வந்தாள். குடிலுக்குள் தவழ்ந்து போகிற சுரங்க வழியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒன்றோடொன்று பின்னிவிட்டிருந்ததால்தான் அது விழாமல் இருந்தது. வெட்டுப்பட்ட தண்டுகள் தங்கள் அடிக்கட்டைகள் மேலேயே நின்றுகொண்டிருந்தன.

நீளக் கைப்பிடி வைத்த கிளை வெட்டும் கத்தரி புல்லில் கிடந்தது. பிரையனி அதை எடுத்தாள். ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

குடில் கெஸியாவுடையது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம் கவுன்சில் அலுவலகத்துக் கார் அவளை ஒரே ஒரு பையோடு இந்த வீட்டில் இறக்கிவிட்டுப் போனது. ஆறு வயது. ‘வளர்க்கக் கொடுக்கிறோம், கொஞ்ச நாளைக்கு’ என்றார்கள். மூன்று வாரம் அவள் வாயே திறக்கவில்லை. பிரையனியின் கணவன் ரஸ்ஸல் வில்லோ வயலில் வேலை பார்க்கிறவன். ஒரு சனிக்கிழமை ஒரு கட்டுக் குச்சிகளை வேனில் போட்டுக்கொண்டு வந்தான். அவன் கடப்பாரையால் குழி போட, அந்தப் பெண் பின்னாலேயே வந்து ஒவ்வொரு குழியிலும் ஒரு குச்சியைச் செருகினாள். கடைசிக் குச்சியைச் செருகிவிட்டு, “இது செத்துப் போகாதா?” என்று கேட்டாள். அதுதான் அந்த வீட்டில் அவள் பேசிய முதல் பேச்சு.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். “கெஸியா நிரந்தரமா இங்கயே இருக்கட்டும், விண்ணப்பம் போட்டுடலாம்” என்று ரஸ்ஸல் சொன்னான். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் கெஸியா, “அம்மா, அந்த உப்பு” என்று கை நீட்டிவிட்டாள். எப்போதும் ஆன்ட்டி என்பவள். பிரையனியின் சொந்த மகள் டாபித்தா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பதின்மூன்று வயதுப் பெண் சிரிக்கிற சிரிப்பாகவே அது இல்லை.

இன்று காலை பதினொரு மணிக்கு, அந்த விண்ணப்பத்துக்கான கடைசிப் பேச்சுக்கு, குழந்தைகள் நல அலுவலர் லோர்னா வருகிறாள்.

சமையலறையில் டாபித்தா டோஸ்ட் மேல் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையில், கட்டைவிரல் ஓரமாக, ஒரு கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

“கையில என்ன?”

“கொப்புளம்.”

“எப்படி வந்துச்சு?”

“தோட்டத்துலேர்ந்துதானே வர்ற? தெரியாத மாதிரி கேக்குற.”

பிரையனி கதவைச் சாத்தினாள். “எப்போ பண்ணின?”

“நேத்து சாயங்காலம். நீங்க மூணு பேரும் அவளுக்குப் புது ஷூ வாங்கப் போனீங்களே, அப்போ. எனக்கு ஷூ வேணுமான்னுகூட யாரும் கேக்கல.”

“அது என்னடி பாவம் பண்ணுச்சு?”

“எது? குடிலா, அவளா?”

“டாபி!”

“என் ரூமுல பாதியக் குடுத்தேன். அப்பாவோட சனிக்கிழமை எல்லாத்தையும் குடுத்தேன். ‘அம்மா’ங்கறது ஒண்ணுதான் என்கிட்ட பாக்கி இருந்துச்சு. உப்பு கேக்குற சாக்குல அதையும் எடுத்துக்கிட்டா.”

“அவ சின்னக் குழந்தைடி.”

“அவ வந்தப்போ நான் மட்டும் என்ன கிழவியா? பதினோரு வயசு. என்கிட்ட யாரு கேட்டீங்க?”

“லோர்னா வந்து கேட்டா என்ன சொல்லப் போற?”

டாபித்தா விரலில் ஒட்டிய ஜாமை நக்கினாள். “நான் ஏன் சொல்லணும்? நீ சொல்லு.”

சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அடி விழும் என்று காத்திருக்கிறவள் மாதிரி லேசாகத் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

பிரையனி அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

குழாயைத் திறந்துவிட்டு யோசித்தாள். உண்மையைச் சொன்னால் டாபியின் பெயர் கவுன்சிலின் கோப்பில் ஏறும். சொந்த மகளாலேயே ஆபத்து இருக்கிற வீட்டில் யாராவது பிள்ளையை விட்டுவைப்பார்களா? எப்படியும் கெஸியாவை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் போவதுதான் முடிவு என்றால், டாபியின் பெயரும் எதற்காகக் கெட வேண்டும்?

இது முதலில் வந்த நினைப்பு. அதற்குப் பின்னால் இன்னொன்றும் சத்தம் போடாமல் வந்து நின்றது. மறுபடியும் மூன்று பேர் மட்டும். ராத்திரி அலறி எழுகிற பிள்ளை இல்லாத வீடு. அலமாரியில் ரொட்டியை ஒளித்துவைத்துப் பூசணம் பிடிக்க வைக்கிற பிள்ளை இல்லாத வீடு.

அந்த நினைப்பை பிரையனி விரட்டவில்லை.

ரஸ்ஸலைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். விடியற்காலையிலேயே களையெடுக்கப் போனவன். சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வருவான். போனைத் திரும்ப வைத்துவிட்டாள்.

கெஸியா மாடியிலிருந்து இறங்கி வந்து, யாரிடமும் பேசாமல் பூவாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பிரையனியும் பின்னாலேயே போனாள்.

சின்னப் பெண் மண்டி போட்டு ஒவ்வொரு அடிக்கட்டையாகத் தண்ணீர் ஊற்றினாள். வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். திரும்பி பிரையனியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு மறுபடி ஊற்றினாள்.

“ஆன்ட்டி, வேர் இருக்கில்ல? வெட்டினாலும் துளிர்க்கும்னு அங்கிள் சொன்னாரு.”

“துளிர்க்கும். நீ உள்ள போய் ஷூ போட்டுக்கோ. லோர்னா வந்துடுவா.”

பின்கதவில் சாய்ந்து நின்ற டாபித்தா, “என்ன மகாராணி, அரண்மனைக்குக் காய்ச்சலா?” என்றாள்.

கெஸியா அவளைத் தாண்டிப் போகும்போது உடம்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனாள். பழைய வீட்டில் பழகிய நடை அது. இங்கே வந்து ஒரு வருடத்தில் மறந்திருந்தாள்.

லோர்னா குண்டான, கலகலப்பான மனுஷி. வந்ததும் டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டு, “என் டாக்டர்கிட்ட யாரும் வத்தி வெக்கக் கூடாது” என்றாள். அப்புறம் கெஸியாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

“நல்ல சேதி சொல்லட்டுமா? கமிட்டில எல்லாரும் உங்க பக்கம்தான். இன்னைக்கு ஒரு பேச்சு பேசிட்டா முடிஞ்சுது. என்ன கெஸியா, எப்பவும் வந்ததும் கையப் புடிச்சு இழுப்பியே, இன்னைக்கு அரண்மனையக் காட்ட மாட்டியா?”

கெஸியா அசையவில்லை.

“சரி, நானே போறேன். வழி தெரியும்.”

பிரையனி வாயைத் திறப்பதற்குள் லோர்னா தோட்டத்தில் இறங்கிவிட்டாள். வாசல் வளைவில் கை வைத்துக் குனிந்தாள். அந்தக் கனத்தை அது தாங்கவில்லை. மொத்தக் குடிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக, அவள் முதுகு மேலேயே விழுந்தது.

மாடி ஜன்னலில் டாபித்தா பக்கென்று சிரித்தது தோட்டம் வரை கேட்டது.

லோர்னா தலையில் ஒட்டிய இலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அடிக்கட்டைகளைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“யாரு பண்ணினது இது?”

எங்கோ பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“கெஸியா, இங்க வாம்மா. பயப்படாத. பழைய வீட்டுல திரையெல்லாம் கத்தரிச்சியே, நினைவிருக்கா? அப்போ உன்ன யாராவது திட்டினோமா? இதுவும் அந்த மாதிரியா?”

கெஸியா பிரையனியைப் பார்த்தாள். பிரையனி புல்லைப் பார்த்தாள்.

“பிரையனி, நீங்க சொல்லுங்க. இவ்வளவு சின்னக் கையால இத வெட்ட முடியுமா?”

“ரஸ்ஸல் கூடவே இருந்து கிளை வெட்டக் கத்துக்கிட்டிருக்கா,” என்றாள் பிரையனி. “ஷெட் பூட்டாமத்தான் இருந்துச்சு.”

“நான்தான்,” என்றாள் கெஸியா.

“நீயா? ஏம்மா?”

“சும்மா.”

“சும்மாவா? உனக்கு அவ்வளவு பிடிச்சதாச்சே.”

“நான்தான் வெட்டினேன். நான் மட்டும்தான்.”

லோர்னா அவளை உள்ளே அனுப்பிவிட்டு, தோட்டத்துப் பெஞ்சில் பிரையனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இதப் பெருசா எடுத்துக்காதீங்க. நிரந்தரம்னு சொன்னதும் இந்தக் குழந்தைங்க இப்படித்தான் ஏதாவது உடைக்கும். ‘இப்பவும் என்ன வெச்சுப்பீங்களா’ன்னு நம்மளப் பரீட்சை பண்ணிப் பாக்குது. நீங்க ‘வெச்சுப்பேன்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இத ஒரு விஷயமாவே எடுத்துக்க மாட்டேன்.”

ஒரு வார்த்தை. லோர்னா தட்டில் வைத்து நீட்டினாள். பிரையனி கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உண்மையைச் சொன்னால்தான் கெஸியா போய்விடுவாள் என்று காலையில் கணக்குப் போட்டிருந்தாள். இப்போது உண்மையே சொல்ல வேண்டாம். டாபியின் பெயரை எடுக்கவே வேண்டாம். ‘வெச்சுப்பேன்’ என்றால் போதும். பயத்துக்கு இனி வேலையே இல்லை. அது போன பிறகு உள்ளே மிச்சம் நின்றது எது என்று பிரையனிக்கு நன்றாகவே தெரிந்தது.

“எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, லோர்னா.”

“தெரியுமே.”

“கெஸியா கத்தரி எடுக்கிற பிள்ளை. ரெண்டு பேரும் ஒரே ரூமுல தூங்கறாங்க.”

லோர்னா அவளைத் திரும்பிப் பார்த்தாள். “ரஸ்ஸலும் இதேதான் சொல்வாரா?”

“அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“கொஞ்ச நாள் பிரிச்சு வெச்சுப் பாக்கணும்னு சொல்றீங்களா?”

“இன்னைக்கே கூட்டிட்டுப் போயிட்டா நல்லது. நாள் போனா எல்லாருக்கும் கஷ்டம்.”

லோர்னா தள்ளிப் போய் போனில் பேசினாள். யோவில் ஊரில் ஒரு வீட்டில் இன்று ராத்திரிக்கு இடம் இருந்தது.

பிரையனியே மாடிக்குப் போய்ப் பையில் துணிகளை அடுக்கினாள். கெஸியா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. பை கட்டுவதை ஏற்கெனவே பல வீடுகளில் பார்த்த பிள்ளை.

டாபித்தா அறை வாசலில் நின்றாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அம்மா... நிஜமாவே அனுப்பறியா?”

“நீ கேட்டதுதானே?”

“நான் சும்மா...”

“வழிய விடு.”

காரில் ஏற்றி சீட் பெல்ட் மாட்டிவிடக் குனிந்தபோது, கெஸியா பிரையனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சூடான மூச்சு காதில் பட்டது.

“காலையில ஜன்னல்லேர்ந்து பாத்தேன். நீங்க கத்தரிய எடுத்துட்டுப் போனீங்க.”

பெல்ட்டை இழுத்த பிரையனியின் கை பாதியில் நின்றது.

“உங்கள யாரும் திட்டக் கூடாதுன்னுதான் நான்தான்னு சொன்னேன். நீங்க வெட்டினத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா.”

இல்லை, நான் இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் யார்? முன் சீட்டில் லோர்னா இருந்தாள். பிரையனி பெல்ட்டை அழுத்தி மாட்டினாள். ‘க்ளிக்’ என்று சத்தம் வந்தது.

“நல்ல பிள்ளையா இரு,” என்றாள்.

ரஸ்ஸல் சாயங்காலம் கையெல்லாம் கீறலோடு வந்தான். பூட்ஸைக் கழற்றும்போதே, “எங்க என் முதலாளியம்மா? எஜமானி உத்தரவு குடுத்தாதான் இன்னைக்கு டீ குடிப்பேன்,” என்று குரல் கொடுத்தான்.

ஜன்னல் வழியாக, விழுந்து கிடந்த குடிலைப் பார்த்தான். ஒற்றைக் காலில் பூட்ஸோடு வெளியே ஓடினான். திரும்பி வந்தபோது அவன் குரலே மாறியிருந்தது.

“கெஸியா எங்க?”

“லோர்னா கூட்டிட்டுப் போயிருக்கா. அவதான் வெட்டினாளாம். அவளே ஒத்துக்கிட்டா,” என்றாள் பிரையனி.

“நான்தான்ப்பா வெட்டினேன்.”

படிக்கட்டில் டாபித்தா நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“டாபி, சும்மா இரு,” என்றாள் பிரையனி.

“அம்மாவுக்குக் காலையிலேயே தெரியும். என் கையப் பாத்துட்டா. கத்துவான்னு நெனச்சேன். அறைவான்னு நெனச்சேன். லோர்னாகிட்ட சொல்லிடுவா, அப்புறம் நீ வந்து என்ன உண்டு இல்லன்னு பண்ணுவேன்னு நெனச்சேன். அம்மா தட்டு கழுவினாப்பா.”

“உனக்காகத்தானேடி பண்ணினேன்!”

“எனக்காகன்னு சொல்லாத!” டாபித்தா அலறினாள். “நான் வெட்டினது வெறும் குச்சிதான்மா. லோர்னா பெஞ்சுல உக்காந்து கெஞ்சினத நான் மேலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு உன்னப் பாத்தா பயமா இருக்கு.”

ரஸ்ஸல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பிரையனி, அந்தப் பொண்ணு எதுக்காகத் தான் வெட்டினேன்னு சொன்னா?”

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. பிரையனிக்கு அதற்குத் தெம்பு இல்லை.

“நான் வெட்டினேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. எனக்குத் திட்டு விழக் கூடாதுன்னு.”

“அப்போகூட நீ இல்லைன்னு சொல்லல?”

“சொல்லல,” என்றாள் பிரையனி.

ரஸ்ஸல் கழற்றிய பூட்ஸை மறுபடியும் மாட்டினான். கயிற்றைக் கட்டாமலேயே எழுந்தான்.

“டாபி, வண்டில ஏறு. லோர்னா ஆபீசுக்குப் போறோம். இப்போ என்கிட்ட சொன்னத ஒரு எழுத்து விடாம அங்க சொல்லணும்.”

“சரிப்பா.”

“நானும் வர்றேன்,” என்றாள் பிரையனி.

“வேண்டாம். உன்னப் பாத்தா அந்தக் குழந்தை மறுபடியும் உனக்காகப் பொய் சொல்லும்.”

வேன் கிளம்பிப் போனது. வீடு அமைதியாக இருந்தது. அவள் காலையில் ஆசைப்பட்டதைவிட அதிக அமைதி.

பிரையனி போனை எடுத்து லோர்னாவின் எண்ணை அழுத்தினாள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் தன் பக்கத்தைத் தானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அட, நானே கூப்பிடணும்னு இருந்தேன்,” என்றாள் லோர்னா. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிற இரைச்சல் கேட்டது. “யோவில் சரிப்படல. பிளிமத்துல ஒரு குடும்பம் ரொம்ப நாளா காத்துக்கிட்டிருந்தாங்க, நிரந்தரமாவே எடுத்துக்கறதுக்கு. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே, அதான் நேரா அங்கயே கூட்டிட்டுப் போயிக்கிட்டிருக்கேன். கெஸியாகிட்ட கேட்டேன், சரின்னுட்டா. அழக்கூட இல்ல. இதோ, பின்னாலதான் உக்காந்திருக்கா. போன் ஸ்பீக்கர்ல இருக்கு. நீங்க பேசறது அவளுக்கும் கேக்கும். சொல்லுங்க, என்ன விஷயம்?”

பிரையனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“லோர்னா, காலையில நான் சொன்னதுல பொய்யுன்னு எதுவும் இல்ல,” என்று ஆரம்பித்தாள்.